உள்ளூர் டிரஸ்டுகளுக்குக் கொடுக்கும் முன் என்னென்ன பார்ப்பது? நல்லது, கெட்டது இரண்டும் பேசலாம்

8.6.2024 — கேள்வி

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். குழந்தைகள் காப்பகம், முதியோர் இல்லம், ஏரி தூர்வாரும் குழு, மிச்சச் சாப்பாடு வாங்கிப் போகும் குழு என்று ஏழெட்டு அமைப்புகள் இருக்கின்றன. எல்லார் போர்டிலும் ‘அரசுப் பதிவு பெற்றது’ என்று எண்ணோடு இருக்கிறது. பதிவு எண் இருந்தால் நம்பிக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

8.6.2024, இரவு

வீட்டில் சொல்வதுதான் சரி. பதிவு எண் இருந்தால் அந்தப் பெயரில் ஒரு பத்திரம் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் மூன்று வழி உண்டு. டிரஸ்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதிவது. அதன்பிறகு அந்த டிரஸ்ட் என்ன செய்கிறது என்று அந்த அலுவலகம் எட்டிக்கூடப் பார்க்காது. அது அவர்கள் வேலையும் இல்லை. சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம்: குறைந்தது 7 உறுப்பினர், ஆண்டுதோறும் பொதுக்குழு, கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல். மூன்றாவது, கம்பெனிச் சட்டம் பிரிவு 8-இல் வரும் லாபநோக்கற்ற கம்பெனி. இதன் கணக்கைக் கட்டணம் கட்டி யாரும் இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். ஊர் ஊராக முளைப்பது என்னவோ டிரஸ்ட்தான். கேள்வி கேட்பார் குறைவு.

பதிவு எண்ணை விட உபயோகமானது பான் எண். நாலாவது எழுத்தைப் பாருங்கள். ‘டி’ (T) என்றால் டிரஸ்ட், ‘ஏ’ என்றால் நபர்கள் கூட்டமைப்பு, ‘சி’ என்றால் கம்பெனி, ‘பி’ (P) என்றால் தனிமனிதர். ரசீதில் ‘பி’ பான் இருந்தால் நீங்கள் கொடுத்தது அந்த ஆளுக்கு. அமைப்புக்கு இல்லை.

10.6.2024

‘தர்பண் எண் இருக்கிறதே’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நிதி ஆயோக் தளத்தில் அமைப்பு தன் விவரத்தைத் தானே ஏற்றிக்கொண்டு வாங்கும் எண் அது. அரசு மானியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் வாங்குகிறார்கள். யாரோ வந்து சோதித்துப் பார்த்துக் கொடுத்த நற்சான்று இல்லை. ஐஎஸ்ஓ தரச் சான்று மாட்டியிருக்கும் காப்பகங்களும் உண்டு. பிள்ளைகளின் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று அந்தச் சான்று சொல்லாது.

10.6.2024, பிற்பகல்

இன்னொரு நண்பர் ‘சார்பதிவாளர் ஆபீஸில் டிரஸ்ட் பத்திர நகல் எடுத்துப் பார்’ என்கிறார். நடக்காது. அசையாச் சொத்து சேராத டிரஸ்ட் பத்திரம் 4-ஆம் புத்தகத்தில் ஏறும். அந்தப் புத்தகத்து நகல் பத்திரத்தில் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான். வில்லங்கம் போட்டாலும் வராது. டிரஸ்டிடமே கேட்க வேண்டும். கேட்டால் கொடுப்பவர்கள் உண்டு, ‘அதெல்லாம் ஆடிட்டரிடம் இருக்கிறது’ என்பவர்கள் உண்டு. இரண்டாவது பதிலை இரண்டு முறை கேட்டால் நடையைக் கட்டலாம்.

பத்திரத்தில் பார்க்க வேண்டியது இரண்டே இடம். ஒன்று, அறங்காவலர்கள் யார் யார். கணவன், மனைவி, மச்சான் என்று மூன்றே பேர் என்றால் அது குற்றமில்லை, ஆனால் உள்ளே யாரும் யாரையும் தட்டிக் கேட்கப் போவதில்லை என்று அர்த்தம். இரண்டு, கலைப்புப் பிரிவு. டிரஸ்ட் மூடினால் சொத்து இதே நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்குத்தான் போக வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும்.

15.6.2024

ரசீது பற்றித் தனியாக.

அமைப்பின் பெயர், முகவரி, பான். 80ஜி (கொடுத்தவருக்கு வருமான வரிக் கழிவு தரும் பிரிவு) அங்கீகார எண், தேதி. அச்சடித்த வரிசை எண். கொடுத்தவர் பெயர், முகவரி, பான். தொகை எண்ணிலும் எழுத்திலும். எந்த வழியில் வந்தது, என்ன நோக்கத்துக்கு. கையெழுத்து. இத்தனையும் இருக்க வேண்டும்.

கடைசிக்கு முந்தைய ‘நோக்கம்’ கட்டத்தில்தான் விளையாட்டு நடக்கும். ‘கார்பஸ்’ என்று ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருந்தால் கவனியுங்கள். நிரந்தர நிதிக்கென்று கொடுத்தவர் எழுத்தில் சொன்னால்தான் அது கார்பஸ். சில ஆபீஸ்களில் வருவதையெல்லாம் கார்பஸ் என்று குத்திவிடுவார்கள். காரணம் எளிது: சாதாரண நன்கொடையில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே செலவு செய்து காட்ட வேண்டும், கார்பஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நீங்கள் பிள்ளைகள் சாப்பாட்டுக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அது வைப்புநிதியில் போய் உட்கார்ந்திருக்கும். ‘பொது நன்கொடை’ அல்லது ‘உணவுச் செலவு’ என்று எழுதி வாங்குங்கள்.

முகவரியும் பானும் கேட்கிறார்களே என்று கோபப்பட வேண்டாம். பெயர் தெரியாத நன்கொடை ஓர் அளவைத் தாண்டினால் டிரஸ்ட் 30 சதவீதம் வரி கட்ட வேண்டியிருக்கும். அந்த அளவு 1 லட்சம் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், எது அதிகமோ அது. கேட்பவர்கள்தான் ஒழுங்காகக் கணக்கு வைத்திருப்பவர்கள். ‘பான் எல்லாம் எதுக்கு சார், நம்ம ஆளு நீங்க’ என்பவரிடம்தான் உஷாராக இருக்க வேண்டும்.

15.6.2024, இரவு

ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டாத ரசீது செல்லாது என்று எழுதிய நண்பருக்கு: பிரதிபலன் இல்லாமல் கொடுக்கும் பணத்துக்கான ரசீதுக்கு முத்திரைச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஒட்டினாலும் தப்பில்லை, ஒட்டவில்லை என்று சண்டை போடத் தேவையில்லை.

13.7.2024

வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் நேரம். 80ஜி பற்றி ஆளாளுக்குக் கேட்டிருக்கிறீர்கள்.

புதிய வரி முறையில் இருந்தால் 80ஜி கழிவு கிடையாது. இது தெரியாமல் மார்ச் 31 அன்று ஓடி ஓடி நன்கொடை கொடுத்தவர்கள் புண்ணியத்தோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

பழைய முறையில், சாதாரண டிரஸ்டுக்குக் கொடுத்ததில் பாதிதான் கழியும். அதுவும் மற்றக் கழிவுகள் போன வருமானத்தில் 10 சதவீதம் வரைக்கும் உள்ள நன்கொடைதான் கணக்கில் வரும். 8 லட்ச ரூபாய் வருமானத்தில் 20 சதவீத வரிப்படியில் இருப்பவர் 10,000 கொடுத்தால் 5,000 கழியும். வரி மிச்சம், செஸ் சேர்த்து 1,040 ரூபாய். இதற்காகக் கொடுப்பது என்றால் கொடுக்காமலே இருக்கலாம்.

ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் ஒரு பைசா கழியாது. அரிசி மூட்டை, புடவை, மிக்ஸி எதுவும் கழியாது, பணம் மட்டும்தான்.

‘எங்களுக்குக் கொடுத்தால் 100 சதவீத வரிவிலக்கு’ என்று நோட்டீஸ் அடிக்கும் உள்ளூர் டிரஸ்டைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள். 100 சதவீதம் என்பது முதலமைச்சர் பொது நிவாரண நிதி மாதிரியான சிலவற்றுக்கு. முன்பு 35ஏசி என்று ஒரு பிரிவு இருந்தது, அது 2017-லேயே முடிந்துவிட்டது. அதைக் காட்டி இன்னும் பேசுகிறார்கள் என்றால் ஒன்று விவரம் தெரியவில்லை, இல்லை நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ரசீது மட்டும் இப்போது போதாது. டிரஸ்ட் மே 31-க்குள் 10பிடி (10BD) படிவத்தில் நன்கொடையாளர் பட்டியலை வரித்துறைக்கு ஏற்ற வேண்டும். ஏற்றினால் உங்கள் பெயருக்கு 10பிஇ சான்று உருவாகும். அதில் இருக்கும் எண்ணைத்தான் ரிட்டர்னில் போட வேண்டும். ஜூலையிலும் ‘தயாராகிக்கொண்டிருக்கிறது’ என்றால் தாக்கலே செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். தாமதத்துக்கு அவர்களுக்கு நாளுக்கு 200 ரூபாய் கட்டணம் ஓடுகிறது, அதைச் சொல்லிக் கேளுங்கள், வேகம் பிடிக்கும்.

காசோலை கொடுத்துவிட்டுக் கமிஷன் போக ரொக்கமாகத் திரும்ப வாங்கும் ஏற்பாடு பற்றி ஒருவர் நைசாக விசாரித்திருக்கிறார். அதற்கு இங்கே பதில் கிடையாது. வரித்துறை நோட்டீஸாக வந்து சேரும்.

21.7.2024

ஃபோனில் அழைத்து ‘குழந்தைக்கு ஆபரேஷன், இன்று மாலைக்குள் 3 லட்சம்’ என்று கேட்கும் கூட்டம். எல்லாமே மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அழைப்பவர் பெரும்பாலும் கமிஷனுக்கு வேலை பார்ப்பவர்.

சோதிக்க வழி இருக்கிறது. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் வங்கியில் உள்ள பெயர் வரும். டிரஸ்ட் பெயர் வராமல் ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பெயர் சரியாக வந்தால், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுப் பணத்தை ஆஸ்பத்திரியின் கணக்கிலேயே நோயாளி எண் போட்டுக் கட்டுவதாகச் சொல்லுங்கள். உண்மையான கேஸ் என்றால் ‘சரி சார், உடனே கட்டுங்கள்’ என்பார்கள். மற்றவர்களுக்கு லைன் கட்டாகும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதில் அடங்கும் சிகிச்சைக்கே வெளியில் வசூல் நடப்பதுண்டு.

4.8.2024

காப்பகம். கேள்வி கேட்டவர் முதலில் எழுதியதே இதைத்தான். இவ்வளவு நாள் தள்ளிப் போட்டதற்குக் காரணம், சுருக்கமாக எழுத முடியாது.

18 வயதுக்குக் கீழே உள்ள, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகளை வைத்திருக்கும் எந்த இல்லமும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 41-இன் கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். டிரஸ்ட் பதிவு வேறு, இது வேறு. 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். சான்றிதழை ஆபீஸ் சுவரில் மாட்டியிருப்பார்கள். அதில் காலாவதித் தேதியையும், எத்தனை பிள்ளைகளுக்கு அனுமதி என்பதையும் பாருங்கள். பிறகு கட்டிலை எண்ணுங்கள்.

இல்லத்துக்கு வந்து சேரும் எந்தக் குழந்தையும் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்பட வேண்டும், பயண நேரம் நீங்கலாக. அந்தக் குழுவின் உத்தரவு இருந்தால்தான் இல்லத்தில் வைத்துக்கொள்ளலாம். ‘அப்பா இல்லை, அம்மாவால் பார்க்க முடியவில்லை, பாவம் என்று நாங்களே சேர்த்துக்கொண்டோம்’ என்று பெருமையாகச் சொல்லும் நிர்வாகி நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவர் செய்வது சட்டவிரோதம். 2021 ஜூனில் மதுரையில் வெளிவந்த விவகாரம் நினைவிருக்கும். காப்பகக் குழந்தை கொரோனாவில் இறந்ததாகப் போலி ஆவணம் காட்டினார்கள், குழந்தை உண்மையில் விற்கப்பட்டிருந்தது. காப்பகக் குழந்தையைத் தத்துக் கொடுப்பது மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் தளம் வழியாக மட்டும்தான். ‘எங்களிடம் ஒரு குழந்தை இருக்கிறது’ என்று யாராவது காதோடு சொன்னால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

(படிக்க வசதிக்காகப் பெற்றோரே சேர்த்துவிடும் விடுதிகள் இதில் வராது. அவற்றுக்கு 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம்.)

இனி உள்ளே போனால் என்ன பார்ப்பது. வரவேற்பறையை விட்டுவிடுங்கள், அது விருந்தாளிகளுக்கு. ஸ்டோர் ரூமைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். நன்றாக நடக்கும் இடத்தில் கதவுக்குப் பின்னால் ஒரு நீள நோட்டு, நூலில் கட்டிய பேனாவோடு தொங்கும். தேதி, பொருள், முன் இருப்பு, வரவு, எடுத்தது, மீதி, யார் எடுத்தது என்று கோடு போட்டிருக்கும். துவரம்பருப்பு மீதி 14 கிலோ என்று இருந்தால் டின்னைத் திறந்து பார்த்தாலே தெரியும். அடித்தல் திருத்தல் இருந்தால் நல்லதுதான், அன்றன்றைக்கு எழுதியது என்று பொருள். ஒரே மையில் ஒரே கையெழுத்தில் மாதம் முழுக்க அழகாக இருந்தால் நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதியது.

பிள்ளைகளின் விரல் இடுக்குகளைப் பாருங்கள். சிரங்கு ஒரு பிள்ளைக்கு வந்தால் அறை முழுக்கப் பரவும். எல்லாருக்கும் ஒரே ராத்திரியில் பெர்மெத்ரின் தடவி, மறுநாள் காலை துணி, படுக்கை விரிப்பு அத்தனையையும் வெந்நீரில் துவைத்துக் காயப்போட வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. ஒவ்வொரு பிள்ளையாகத் தனித்தனியே மருந்து போடும் இல்லத்தில் சிரங்கு வருஷம் பூராவும் இருக்கும்.

கெட்ட அறிகுறியில் பெரியது: ‘ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு பிள்ளையை வெளியே கூட்டிப் போய்விட்டு வாருங்கள்’ என்று அனுப்பிவைப்பது. கேட்டவுடன் மறுத்து, ‘பார்வையாளர் யாரும் பிள்ளைகளோடு தனியாக இருக்க அனுமதி இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லும் இல்லத்துக்கு யோசிக்காமல் கொடுக்கலாம்.

5.8.2024

ஃபோட்டோ பற்றிக் கேட்டவருக்கு: காப்பகப் பிள்ளைகளின் முகத்தை, பெயரை வெளியிடுவது அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பிறந்தநாள் கேக் வெட்டி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடும் அன்பர்கள் கவனிக்க. பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து ‘தேங்க்யூ அங்கிள்’ சொல்லவைக்கும் இல்லங்களும் கவனிக்கலாம்.

11.8.2024

பிறந்தநாள் சாப்பாடு. இது தனிப் பைத்தியம்.

ஞாயிறு மதியத்துக்கு நாலு பேர் போட்டி. செவ்வாய் இரவுக்கு ஆளில்லை. ஆகஸ்ட் 15 அன்று மூன்று இடத்திலிருந்து பிரியாணி வரும், 16-ஆம் தேதி பாதிப் பிள்ளைகளுக்கு வயிறு சரியிருக்காது. ‘அந்தத் தேதி நிரம்பிவிட்டது, புதன் இரவு முடியுமா?’ என்று கேட்கும் இல்லம் நன்றாக நிர்வாகம் செய்கிறது என்று அர்த்தம். மனத்தாங்கல் படாதீர்கள்.

50 பிள்ளைகளுக்கு ஒரு வேளை: அரிசி 5 முதல் 6 கிலோ, துவரம்பருப்பு ஒன்றரைக் கிலோ, காய் 5 கிலோ, முட்டை 50. மாதத்துக்கு என்று பார்த்தால் தலைக்கு நாளொன்றுக்கு 350 கிராம் அரிசி என்று வைத்து 525 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை 21. யாராவது ‘50 பிள்ளைக்கு மாதம் 60 மூட்டை தேவை’ என்று பட்டியல் கொடுத்தால், மிச்சம் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

யாரும் கொடுக்காத சாமான்கள்தான் எப்போதும் தட்டுப்பாடு: கேஸ் சிலிண்டர், பால், பற்பசை, நாப்கின், துணி சோப்பு, பேன் மருந்து, உள்ளாடை (புதியது, அளவு கேட்டு). பிஸ்கட் எல்லா இல்லத்திலும் மலையாகக் கிடக்கிறது.

25.8.2024

மிச்சச் சாப்பாட்டுக் குழுக்கள். கோவையில் 2014-இல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட், அதே ஆண்டு டெல்லியில் தொடங்கிப் பல ஊருக்கும் பரவிய ராபின் ஹூட் ஆர்மி இரண்டும் பலருக்குத் தெரியும். இரண்டாவது குழு பணமே வாங்குவதில்லை. அந்தப் பெயரில் யாராவது பணம் கேட்டால் போலி.

மண்டபத்தார் செய்யும் தப்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான்: எல்லாப் பந்தியும் முடிந்து, இலை எடுத்து, வெற்றிலை போட்டுவிட்டு மூன்று மணிக்கு ஃபோன் செய்வது. காலை எட்டரைக்கு இறக்கிய சாதம் அது. கடைசிக்கு முந்தின பந்தி உட்காரும்போதே சமையல்காரரைக் கேட்டு அழைத்துவிட வேண்டும். சூடு 60 டிகிரிக்கு மேல் இருக்கும் வரைதான் கவலை இல்லை. அதற்குக் கீழே இறங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுபவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

‘நூறு பேருக்கு இருக்கிறது’ என்பார்கள். போய்ப் பார்த்தால் சாதம் நூறு பேருக்கு, சாம்பார் முப்பது பேருக்கு. அதனால் அனுபவமுள்ள குழு வண்டியிலேயே புளிக்காய்ச்சல் வைத்திருக்கும். தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, பால் பாயசம் மூன்றையும் நல்ல குழு தொடாது. முதலில் கெடுவது அவைதான். சூடான சாதத்தை மூடி போட்டு அழுத்தி மூடினால் வியர்த்து, ஊசிப்போகும். கொஞ்சம் திறந்துவைத்து மெல்லிய துணி போட்டு மூட வேண்டும். அண்டாவில் மிச்சமிருப்பது மட்டும், இலையிலும் பந்தி வாளியிலும் மிஞ்சியது கிடையாது.

முகர்ந்து பார்த்துவிட்டு ‘இது வேண்டாம்’ என்று திரும்பிப் போகும் குழுவைத் திமிர் பிடித்தவர்கள் என்று மண்டபத்தில் திட்டுவார்கள். அந்தக் குழுவின் நம்பரைச் சேமித்துவைத்துக்கொள்ளுங்கள்.

8.9.2024

டொராண்டோவிலிருந்து எழுதியவருக்கு. நீங்கள் கனடா குடியுரிமை வாங்கிவிட்டீர்கள் என்றால், ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர்) அட்டை இருந்தாலும், உங்கள் பணம் சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பு. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள அமைப்புக்கு, புது டெல்லியில் ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் அவர்களுக்கு இருக்கும் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு வேறு எந்த வங்கியிலும் முதலில் வாங்கக் கூடாது. ஊர்க் கிளைக் கணக்கு எண்ணைக் கொடுத்து ‘இதில் போடுங்கள்’ என்றால் மாட்டுவது அந்த அமைப்பு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் இருப்பவர் தன் சம்பாத்தியத்தில் வங்கி வழியாகக் கொடுத்தால் இந்தச் சட்டத்துக்குள் வராது.

மச்சானுக்கு அனுப்பி அவர் பெயரில் கொடுப்பது குறுக்குவழி. அமைப்புக்குப் பிறகு தலைவலி.

அதே திருத்தம் இரண்டு வேலை செய்தது: நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது, ஓர் அமைப்பு வாங்கி இன்னொன்றுக்குப் பிரித்துக் கொடுப்பது அடியோடு நின்றது. பெரிய அமைப்பு வழியாக வந்த பணத்தில் ஓடிய கிராமத்துச் சின்ன அமைப்புகள் பல அத்தோடு சுருங்கிவிட்டன. அவற்றில் நல்லவையும் இருந்தன.

22.9.2024

நிர்வாகச் செலவு என்றதும் ‘என் பணம் முழுக்கப் பயனாளிக்கே போக வேண்டும், சம்பளத்துக்குப் போகக் கூடாது’ என்று ஒரு கூட்டம் வந்துவிட்டது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

முதியோர் இல்லத்தில் ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையை மாற்றுபவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? அது நிர்வாகச் செலவா, சேவையா? மனநோயாளிகள் இல்லம் என்றால் இன்னும் கூடுதல். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் சங்கிலியோடு எரிந்து போனார்கள். ஆள் போட்டுக் கவனிக்க வேண்டியவர்களைச் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். ஆள் செலவைக் குறைத்தால் கடைசியில் போய் நிற்கும் இடம் அது. இன்று மனநல இல்லத்துக்கு 2017 சட்டப்படி மாநில மனநல ஆணையத்தின் பதிவு வேண்டும், கேட்டுப் பாருங்கள்.

கணக்கில் சம்பளம் பூஜ்யம் என்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஆள் வேலை பார்க்கிறார், சம்பளம் இல்லை என்றால் ‘மளிகை’யில் ஒளிந்திருக்கும்.

தணிக்கைக் கணக்கில் மூன்று தாள்: வரவு-பட்டுவாடா, வருமானம்-செலவு, இருப்புநிலை. இருப்புநிலையிலிருந்து தொடங்குங்கள். ‘அறங்காவலரிடமிருந்து கடன்’ வருஷா வருஷம் ஏறுகிறதா? வண்டி யார் பெயரில்? கட்டட வாடகை யாருக்கு, ஊர் விலைக்குப் பொருந்துகிறதா? ‘இதர செலவுகள்’ மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதா? மார்ச் மாதத்தில் மட்டும் திடீரென்று லட்சக்கணக்கில் கொள்முதலா? கடைசிக் கேள்விக்கு மட்டும் நியாயமான பதில் உண்டு, அந்த 85 சதவீதத்தை எட்டிப் பிடிக்க ஓடியிருப்பார்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளந்து போடுபவர் கணக்குத் தாளைப் புரட்டிப் பார்க்க இருபது நிமிஷம் ஒதுக்க வேண்டும்.

6.10.2024

இதுவரை எழுதியதைப் பார்த்தால் எல்லாமே குறை. நல்லது ஒன்று: கண் முகாம்.

மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம் முறையில், உள்ளூர் லயன்ஸ், ரோட்டரி, ஊர்ச் சங்கம் ஏதாவது ஒன்று ஏற்று நடத்தும். மருத்துவம் ஆஸ்பத்திரி பொறுப்பு. இடம், விளம்பரம், கூட்டம் சங்கத்தின் பொறுப்பு. யார் எதற்குப் பொறுப்பு என்பதில் குழப்பமே இல்லாததால்தான் இத்தனை வருஷம் ஓடுகிறது.

ஏற்று நடத்துபவர்கள் சறுக்கும் இடங்கள்: பார்வைப் பலகைக்கு 6 மீட்டர் நேர்கோடு வேண்டும், நிழலோடு. வகுப்பறை பல ஊரில் அதைவிடச் சின்னது, வராந்தாவைப் பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் மேஜையைக் கடைசியில் வைத்தால் கூட்டம் பின்னோக்கி ஓடும். அன்றே அறுவைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போவார்கள் என்பதை நோட்டீஸில் பெரிய எழுத்தில் போட வேண்டும். மாற்றுத் துணி, வழக்கமான மாத்திரை, வீட்டில் ஒருவர் நம்பர் கொண்டுவரச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பாட்டி பஸ் வாசல் வரை வந்து ‘ஆட்டை யார் பார்ப்பது?’ என்று இறங்கிவிடுவார்.

ஒரு மாதம் கழித்து வரும் மறுபரிசோதனைக்கு ஆள் சேர்க்கும் சங்கமே உருப்படியான சங்கம். அந்த நாளில் மேடையும் இல்லை, ஃபோட்டோவும் இல்லை.

7.10.2024

நோட்டுப் புத்தகம் கொடுக்கும் விழாக்களில் பிரமுகர்களுக்குப் போடும் சால்வை பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன் என்று ஞாபகப்படுத்தியிருக்கிறார்கள். 40 நோட்டுப் புத்தகம், 12 சால்வை, பத்துக்கு ஆறு அடி ஃப்ளெக்ஸ் ஒன்று. நோட்டை விட ஃப்ளெக்ஸ் செலவு அதிகம். போதுமா?

20.10.2024

ஏரி தூர்வாரும் குழு. கேள்வி கேட்டவர் ஊருக்குப் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கஜா புயலுக்குப் பிறகு பேராவூரணிப் பக்கத்தில் உருவான கைஃபா என்ற விவசாயிகள் சங்கம். மற்றக் குழுக்களுக்குக் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை:

அனுமதி யாருடையது? நீர்வளத் துறை ஏரியா, ஊராட்சிக் குளமா என்று தெரியாமல் ஜேசிபியை இறக்கும் குழு நடுவில் நின்றுபோகும், பணமும் நிற்கும். அள்ளிய மண் எங்கே? கரையின் உள்சரிவிலேயே குவித்தால் முதல் மழைக்கே திரும்ப உள்ளே இறங்கும். எவ்வளவு ஆழம்? மடை மட்டத்துக்குக் கீழே தோண்டும் ஆழத்தில் தேங்கும் நீர் பாசனத்துக்கு ஏறாது. மாட்டுக்கும் நிலத்தடி நீருக்கும் உதவும், ஆனால் விவசாயிக்குச் சொன்ன வாக்கு அதுவாக இருக்காது. எல்லாவற்றுக்கும் மேல், வரத்து வாய்க்காலைச் சரி செய்தார்களா? வாய்க்கால் தூர்ந்து கிடக்க ஏரியை மட்டும் தோண்டினால் வீடியோ நன்றாக வரும், தண்ணீர் வராது.

கணக்கு எளிது. ஜேசிபியில் மணி மீட்டர் இருக்கிறது. காலையில் ஏறும்போது ஒரு படம், மாலையில் இறங்கும்போது ஒரு படம், வித்தியாசத்தை மணி வாடகையால் பெருக்கினால் அன்றைய செலவு. இந்த இரண்டு படத்தையும் தினம் குழுவில் போடுபவர்களுக்கு டீசல் பில்லைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.

3.12.2024

ஃபெஞ்சல் புயல். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைக்கு என்ன அனுப்பலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.

பழைய துணி வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது நினைவிருக்கும். மீனவக் குடும்பங்கள் தொடவில்லை, ஏன் தொட வேண்டும்? புது லுங்கி, நைட்டி, துண்டு, போர்வை என்றால் சரி. வெள்ளம் வடிந்த வீட்டுக்கு முதல் வாரத் தேவை: பிளீச்சிங் பவுடர், துடைப்பம், தேய்க்கும் பிரஷ், மண்வெட்டி, தார்ப்பாய் (கயிறோடு, கயிறில்லாத தார்ப்பாயைப் போர்த்திக்கொள்ளத்தான் முடியும்), கொசுவத்தி, டார்ச், நாப்கின். பிரட் அனுப்பாதீர்கள், போய்ச் சேருவதற்குள் பூசணம் பிடிக்கும். பெரிய சாலைக்குப் பக்கத்து ஊர்களில் எல்லாரும் இறக்குவார்கள், உள்ளே போக மாட்டார்கள். எந்தத் தெருவில் எத்தனை வீடு என்று பட்டியல் வைத்திருக்கும் உள்ளூர்க் குழுவோடு பேசிவிட்டு வண்டியை எடுங்கள்.

4.12.2024

மேலே எழுதியதோடு ஒன்று. நேற்று மாலை ஒரு குழு ‘அரிசி போதும், இனி அனுப்ப வேண்டாம், பாய் மட்டும் தேவை’ என்று அறிவித்தது. கீழே வந்த பின்னூட்டங்களைப் பார்த்தீர்களா? ‘கொடுப்பதை வாங்கிக்கொள்ள வலிக்கிறதா’ என்கிறார்கள். வாங்கி, அடுக்க இடமில்லாமல் ஈரத்தில் முளைக்கவிட்டால் பரவாயில்லையாம்.

19.1.2025

காப்பகம் பற்றிய குறிப்போடு சேர்த்துப் படிக்க. அம்மாவோ பாட்டியோ இருக்கும் பிள்ளைக்கு இல்லத்தில் இடம் தேடுவதற்கு முன், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நிதி ஆதரவுத் திட்டம் கேளுங்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், வீட்டிலேயே இருந்து படிக்கலாம். இதைச் சொல்லித் திருப்பி அனுப்பும் இல்லங்களும் இருக்கின்றன. எண்ணிக்கை குறைந்தால் நன்கொடை குறையும் என்று தெரிந்தும் செய்கிறார்கள்.

26.1.2025

80ஜி சான்றின் தேதி பார்க்கச் சொன்னேன், ஏன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2021 மாற்றத்தில் மறுபதிவு வாங்கிய பழைய டிரஸ்டுகள் பெரும்பாலானவற்றுக்கு 2026 மார்ச் 31 வரைதான் காலம். புதுப்பிக்க ஆறு மாதம் முன்பே, அதாவது 2025 செப்டம்பர் 30-க்குள், 10ஏபி (10AB) படிவம் போட்டிருக்க வேண்டும். மாதா மாதம் வங்கியிலிருந்து தானாகப் போகும்படி வைத்திருப்பவர்கள் ஒரு முறை கேட்டு, விண்ணப்ப ஒப்புகையின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.